பாலத்தில் ஜாம் வேண்டாம்

"பல்வேறு சூழல்களால்" என்று தொடங்கும் எதைப் படித்தாலும் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. செய்தித்தாளில் வந்தாலும் சரி, ஏதாவது சுற்றறிக்கையில் வந்தாலும் சரி. அந்த இரண்டு சொற்களை ஓர் ஆறு வயதுப் பெண்ணின் வாயில் வைத்து, கோயில் நிறைய ஆட்களுக்கு முன்னால் சொல்ல வைத்தார்கள். அவளுக்கு அதன் பொருள் தெரியாது. சொல்வதற்கு அவளிடமே ஒரு வாக்கியம் இருந்தது. அவளே கட்டிய வாக்கியம். அதைப் பிடுங்கிக்கொண்டுதான் இதைக் கொடுத்தார்கள்.

நான் சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக்கில் ஒரு பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில், தமிழ்ப் பூசைக்கு முன்னால், சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். ஃபாதர் கேட்டுக்கொண்டார், ஒப்புக்கொண்டேன். எந்தக் கோயில் என்று சொல்லப் போவதில்லை. அங்கேதான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன்.

வகுப்பில் ஏழெட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். எல்லாரும் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். எல்லாருக்கும் செபங்கள் மனப்பாடம். வாய்ப்பாடு சொல்வதுபோல ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்கள். ஆனால் "காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேட்டால் அந்தச் சத்தமெல்லாம் அடங்கிவிடும். ஒருவன் "பிரெட்" என்பான். ஒருத்தி "நான் சாப்பிட்டான் நூடுல்ஸ்" என்பாள். மற்றவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள், இது சரியா தவறா என்று தெரிந்துகொள்ள.

பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. வீட்டில் ஆங்கிலம், பள்ளியில் ஆங்கிலம், விளையாட்டுத் திடலில் ஆங்கிலம். தமிழ் அவர்களுக்கு வந்து சேர்வதெல்லாம் மனப்பாடம் செய்வதற்காகத்தான். தனக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி சொல்லத் தெரியாத பிள்ளைக்கு எந்தச் செபத்தைச் சொல்லிக்கொடுத்து என்ன பயன்? அதனால் முதல் மாதம் நான் வேதபாடத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு வாக்கியம் கட்டச் சொல்லிக்கொடுத்தேன்.

பாலர் பள்ளியில் நான் செய்வதையே இங்கேயும் செய்தேன். மூன்று நாற்காலிகளை வரிசையாகப் போடுவேன். முதல் நாற்காலியில் உட்காரும் பிள்ளை 'யார்' என்று சொல்லவேண்டும். நடுவில் இருக்கும் பிள்ளை 'எதை' என்று சொல்லவேண்டும். கடைசி நாற்காலிக்குத்தான் வேலை அதிகம். அதில் உட்காரும் பிள்ளை முதல் நாற்காலியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கவேண்டும். அங்கே 'நான்' இருந்தால் 'சாப்பிட்டேன்'. 'அவன்' இருந்தால் 'சாப்பிட்டான்'. 'அம்மா' இருந்தால் 'சாப்பிட்டார்'. ஆங்கிலத்தில் யோசிக்கிற பிள்ளைகள் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கடைசியில் வைத்துவிடுவார்கள். "நோ லா, அது உன் சேர் இல்ல!" என்று இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வோடு மற்றவர்கள் கத்துவார்கள். இலக்கணம் சொல்லிக்கொடுக்கிறேன் என்பது யாருக்கும் தெரியாது. நாற்காலிக்குச் சண்டை போட்டுக்கொண்டே கற்றுக்கொண்டார்கள்.

பிறகு அவர்களுக்கு 'வேண்டும்', 'வேண்டாம்' இரண்டையும் கொடுத்தேன். தமிழில் சின்னப் பிள்ளைகளுக்கென்றே செய்து வைத்ததுபோன்ற சொற்கள் அவை. முதல் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் மாறாது. நான் போக வேண்டும், நீ போக வேண்டும், அவர்கள் போக வேண்டும். எட்டிப் பார்க்கத் தேவையில்லை. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். "எனக்கு ஐஸ்கிரீம் வேண்டும்", "டியூஷன் வேண்டாம்", "அக்கா வேண்டாம்". வகுப்பு முழுக்க ஒரே சத்தம்.

அந்தப் பெண் மட்டும் பேசமாட்டாள். உட்லண்ட்ஸிலிருந்து அம்மாவோடு எம்ஆர்டி ரயிலில் வருவாள். வகுப்புக்கு வந்து சில வாரம் ஆகியும் "எஸ் டீச்சர்", "நோ டீச்சர்" தவிர அவள் வேறு எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு ஞாயிறு அவள் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

"உனக்கு என்ன வேணும்?"

யோசித்தாள். "நோ ஜாம்" என்றாள்.

"என்ன ஜாம்? ரொட்டியில தடவுறதா?"

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "இல்ல லா டீச்சர். பிரிட்ஜ் ஜாம். அப்பா ஆல்வேஸ் லேட்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவளுடைய அப்பாவுக்குக் கடல் பாலத்தைத் தாண்டி, மலேசியாவின் ஜோகூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மற்றவர்கள் எல்லாம் அங்கிருந்து இங்கே வருகிற நேரத்தில் அவர் இங்கிருந்து அங்கே போகிறார். அவள் எழுந்திருப்பதற்கு முன்னால் கிளம்பிவிடுவார். பாலத்தில் பேருந்து நகர்ந்தால் அவள் தூங்குவதற்கு முன் வீட்டுக்கு வருவார். நகராவிட்டால் அவள் தூங்கிவிடுவாள். அந்தப் பிள்ளையின் உலகத்தில் நல்லது கெட்டது என்பது அந்தப் பாலத்தில் வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்பதுதான்.

"பிரிட்ஜுக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டேன்.

யாரோ "பாலம்" என்று எடுத்துக்கொடுத்தார்கள். "பாலம்ல ஜாம்" என்றாள் அவள்.

'பாலத்தில்' என்று சொல்லிக்காட்டினேன். நாக்கு புரளவில்லை. 'பாலமத்தில்' என்றாள், 'பாலத்துத்தில்' என்றாள். நான் திருத்தத் திருத்த விடாமல் திரும்பத் திரும்பச் சொன்னாள். 'நெரிசல்' என்ற சொல்லையும் கொடுத்துப் பார்த்தேன். அது வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவளுடைய வீட்டில் அதன் பெயர் ஜாம். விட்டுவிட்டேன். பிறகு அவளாகவே எழுந்து போய், முதல் நாற்காலியைத் தொட்டு "பாலத்தில்" என்றாள். இரண்டாவதைத் தொட்டு "ஜாம்" என்றாள். கடைசி நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, காலைத் தரையில் ஓங்கி உதைத்து, "வேண்டாம்!" என்றாள்.

எத்தனையோ பிள்ளைகளுக்கு எத்தனையோ வாக்கியம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதைப்போல் ஒரு வாக்கியத்தை நான் கேட்டதில்லை. மூன்றே சொல். வேற்றுமை உருபு சரி, வரிசை சரி, வினை இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல் அவளுக்கு உண்மையிலேயே அது வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஃபாதர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, பிள்ளைகள் ஞாயிறு வருகிறது, அன்றைக்குத் தமிழ்ப் பூசையில் விசுவாசிகள் மன்றாட்டைச் சின்னப் பிள்ளைகளே சொல்லட்டும் என்றார். மன்றாட்டு என்றால், ஒருவர் மைக் முன்னால் நின்று ஒரு வேண்டுதலைச் சொல்வார், சபை முழுவதும் சேர்ந்து பதில் சொல்லும். எனக்கு ஏக சந்தோஷம். பிள்ளைகளைக் கேட்டேன். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எனக்குப் பல் முளைக்க வேண்டும். தம்பி கடிக்கக் கூடாது. அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை வேண்டாம். அவள் தன் வாக்கியத்தோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டாள்: "பாலத்தில் ஜாம் வேண்டாம். அப்பா சாப்பிட வர வேண்டும்."

எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் திருவழிபாட்டுக் குழுத் தலைவருக்கு அனுப்பினேன்.

அவரை எல்லாரும் அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு கப்பல் நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழ்ப் பூசைக்குப் பாட்டுக்காரர்களைச் சேர்ப்பது, வாசகம் படிக்க ஆள் பிடிப்பது, மைக் வேலை செய்கிறதா என்று பார்ப்பது, எல்லாம் அவர்தான். அவர் இல்லையென்றால் பாதி ஞாயிறுகளில் பூசை தடுமாறிப்போகும். அந்த மரியாதை எனக்கு அவர்மேல் எப்போதும் உண்டு. அதனால்தான் இவ்வளவு கோபமும்.

அன்று மாலையே போன் செய்தார்.

"டீச்சர், நீங்க அனுப்புனதைப் பாத்தேன். இது மன்றாட்டா, டிராஃபிக் நியூஸா?"

"பிள்ளைங்க சொன்னது அங்கிள். அவங்களே யோசிச்சுச் சொன்னது."

"அது சரிம்மா. கோயில்ல பேசுற தமிழ்னு ஒண்ணு இருக்குல்ல? பல்லு முளைக்கணும், தம்பி கடிக்கக் கூடாது… சனங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமே. நல்ல சிரிப்புதானே?"

"ஜாமுன்னு வேற எழுதியிருக்கீங்க. அது தமிழா? அதோட, ஆண்டவர்கிட்டப் போய் 'வேண்டும்', 'வேண்டாம்'னு அதிகாரமாவா கேக்குறது? கொஞ்சம் பணிவா இருக்க வேண்டாமா?"

"வேணும்னு கேக்குறதுக்குப் பேருதானே அங்கிள் வேண்டுதல்?"

"நான் லேசா சரிபண்ணி அனுப்புறேன், கவலைப்படாதீங்க" என்று வைத்துவிட்டார்.

ஏதோ முன்னால் ஒரு 'ஆண்டவரே', பின்னால் ஒரு 'மன்றாடுகிறோம்' சேர்ப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அது வழக்கம்தான், எனக்கும் ஆட்சேபம் இல்லை.

சனிக்கிழமை ஒத்திகைக்குப் போனபோது அச்சடித்த தாள்கள் தயாராக இருந்தன. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று. அவளுடையதை நான் வாங்கிப் படித்தேன். "பல்வேறு சூழல்களால் பிரிந்து துயருறும் குடும்பங்கள் யாவும் உமது அளவற்ற அருளால் மீண்டும் ஒன்றிணைந்து, அன்பிலும் அமைதியிலும் வாழ்ந்திட வரமருள வேண்டுமென்று, இறைவா உம்மை மன்றாடுகிறோம்." பல் முளைக்க வேண்டும் என்றவனுக்கு நோயாளிகள் அனைவருக்குமான மன்றாட்டு. தம்பி கடிக்கக் கூடாது என்றவளுக்கு உலக சமாதானம்.

இதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேனோ என்னவோ. அந்தத் தாள் தமிழ் எழுத்தில் இல்லை. பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது என்று முழுவதையும் ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார்கள். கோயிலில் பேசுகிற தமிழ் என்று ஒன்று இருக்கிறது என்றவர், அதை ஆங்கில எழுத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறார்! 'ஜாம்' தமிழ் இல்லையாம். இது தமிழாம்.

"அங்கிள், பிள்ளைங்களுக்கு இதுல ஒரு வார்த்தைகூடப் புரியாது" என்றேன்.

"இப்ப புரியாது. பெரியவங்களானா தானா புரியும். நாமெல்லாம் அப்படித்தானே படிச்சோம்?"

"நாளைக்குச் சொல்லப் போறது அவங்க. நாளைக்குப் புரிய வேண்டாமா?"

"டீச்சர், ஒரு நாள். அழகா நடந்து முடியட்டும்."

நான் பெற்றோர் பக்கம் திரும்பினேன். யாராவது என் பக்கம் பேசுவார்கள் என்று நினைத்தேன். அந்தப் பெண்ணின் அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "அங்கிள் எழுதுனதே இருக்கட்டும் டீச்சர். கேக்க நல்லா இருக்குலா. அவரு லேட்டா வர்றதையெல்லாம் மைக்ல சொன்னா சனங்க என்ன நினைப்பாங்க? எங்களுக்கு வெக்கமா இருக்கும்."

அவர் பிள்ளை, அவர் வீடு. நான் என்ன சொல்ல முடியும்? தாளை அவரிடமே கொடுத்தேன்.

அம்மா வரி வரியாகச் சொல்ல, அவள் பாட்டு படிப்பதுபோல அதைச் சொல்லிப் பார்த்தாள். "துயரு" என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, "றும்" என்றாள். ஒத்திகை முடிந்ததும் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், என் சென்டன்ஸ்?"

"அங்கிள் அதை மாத்திட்டாரு."

"ஏன்? ராங்கா?"

"ராங் இல்ல. ரொம்ப சரியா சொன்ன."

"அப்புறம் ஏன்?"

பாலர் பள்ளியில் ஒரு பிள்ளை தப்பாகச் சொன்னால் திருத்துகிறோம். ஏன் தப்பு என்று காட்டுகிறோம். சரியாகச் சொன்னதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, 'ஏன்' என்று கேட்கிற பிள்ளைக்கு எந்த இலக்கணத்திலிருந்து பதில் சொல்வது? ஒத்திகை முடிந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் காதில் இருந்தது. பெரியவர்கள் மேல், அந்தத் தாளின் மேல், 'கேட்க நல்லாயிருக்கு' என்ற சொல்லின் மேல், எல்லாவற்றின் மேலும் ஆத்திரம் வந்தது. யார் கேட்க நல்லாயிருக்கு? அவளைக் கேட்டீர்களா?

மறுநாள் கோயில் நிரம்பியிருந்தது. அவளுடைய அப்பாவும் வந்திருந்தார், ஞாயிறு அவருக்கு விடுமுறை. மன்றாட்டு நேரம் வந்ததும் அங்கிள் மைக்கைப் பிடித்து, நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார்: "இப்போது நம் பங்கின் சின்னஞ்சிறு பிள்ளைகள், தங்கள் உள்ளத்திலிருந்து தாங்களே எழுதிய மன்றாட்டுகளை எடுத்துரைப்பார்கள்."

தாங்களே எழுதிய! ஆண்டவர் சந்நிதியில் சிரிப்புதான் கூடாதாம். இது கூடுமாம்.

பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய்ப் படித்தார்கள். அவள் முறை வந்தபோது மைக்கைத் தாழ்த்திக்கொடுத்தார்கள். ஓர் எழுத்துகூடப் பிசகாமல் சொன்னாள். "துயருறும்" என்பதை நிறுத்தாமல் ஒரே மூச்சில் தாண்டினாள். அவள் அம்மா போனில் வீடியோ எடுத்தார். சபை பதில் சொன்னது. எனக்கு முன்னால் இருந்த ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்தேன். அப்போது அது ஏனென்று எனக்கு உறைக்கவில்லை.

பூசை முடிந்து படியில் நின்றபோது அவள் ஓடி வந்தாள்.

"டீச்சர், நல்லா சொன்னேனா?"

"ரொம்ப நல்லா சொன்ன."

"நான் என்ன சொன்னேன்?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. முகத்தை நிமிர்த்தி, பதிலுக்குக் காத்திருந்தாள். "குடும்பத்துல பிரிஞ்சு இருக்கிறவங்க எல்லாரும் மறுபடி ஒண்ணா சேரணும்னு சொன்ன" என்றேன்.

"எங்க ஃபேமிலி சேர்ந்துதானே இருக்கு?"

அவள் கேட்டு முடிக்கவில்லை, இந்தப் பக்கம் மாதர் சங்கத்து ஆன்ட்டி ஒருவர் அவளுடைய அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "கவலைப்படாதம்மா. எல்லார் வீட்லயும் வர்றதுதான். இந்தப் பிள்ளை முகத்தப் பாத்தாவது ரெண்டு பேரும் விட்டுக்கொடுத்துப் போங்க."

அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன ஆன்ட்டி, எதை?"

"பிள்ளையே எழுதியிருக்கேம்மா. பெத்த மனசு கேக்குமா?"

கொஞ்சம் தள்ளி நின்ற அப்பாவின் தோளில் பாட்டுக்குழுவைச் சேர்ந்த ஒருவர் கை வைத்திருந்தார். "பிரதர், எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம். ஃபாதர்கிட்ட வேணா நான் சொல்றேன்."

"என்ன தீத்துக்கணும்?" என்றார் அவர். மகளின் கையிலிருந்த தாளை வாங்கினார். ஆங்கில எழுத்தில் இருந்த அந்தத் தமிழை விரல் வைத்து மெதுவாக, சத்தமாகப் படித்தார். "பல்… வேறு… சூழல்… களால்… பிரிந்து…" அங்கே நின்றார். "யாரு பிரிஞ்சா?"

மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாவின் முகம் சிவந்துபோயிருந்தது. என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். மகள் முதலில் கட்டிய வாக்கியம் என்ன என்பதையும் சொன்னேன். அதை அவர் அதுவரை கேள்விப்பட்டிருக்கவே இல்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராக உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன். அங்கிள் மைக் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அங்கிள், என் வீட்டுல யாரும் பிரிஞ்சு போகல."

"ஐயோ, உங்களைச் சொல்லல தம்பி. பொதுவாச் சொன்னது."

"பொதுவாச் சொல்லணும்னா நீங்க படிச்சிருக்கலாம்ல? எம் பிள்ளைய எதுக்குப் படிக்க வச்சீங்க? அவளே எழுதினதுன்னு வேற மைக்ல சொன்னீங்க. இப்ப எல்லாரும் என்னைத் துக்கம் விசாரிக்கிறாங்க."

"ஒரு நல்ல எண்ணத்துலதான்…"

"நான் பிரிஞ்சு போகல அங்கிள். பாலத்துல பஸ்ல நின்னுக்கிட்டு இருந்தேன். அவ அதைத்தான் சொன்னா. அதுல என்ன தப்பு?"

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால்கூட அங்கிளுக்குப் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

பூசை முடிந்து தேக்கா சந்தையின் உணவுக்கடைப் பக்கம் போய்ச் சாப்பிடுவது எங்களில் பலருக்கு வழக்கம். அடுத்த ஞாயிறு அந்தக் குடும்பம் தமிழ்ப் பூசையில் இல்லை. ஆனால் தேக்காவில் பார்த்தேன். மூவரும் ஒரு மேசையில் இருந்தார்கள். தட்டில் தோசை, வடை. அம்மா எழுந்து என்னிடம் வந்தார்.

"டீச்சர், அவளை இங்கிலீஷ் கிளாஸுக்கு மாத்திட்டேன். நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."

"நடந்ததுக்காகவா?"

"நானும்தான் அங்கிள் எழுதுனதே இருக்கட்டும்னு சொன்னேன், இல்லைன்னு சொல்லல. ஆனா அங்க அவ என்ன சொல்றாளோ அதையே சொல்ல விடுறாங்க டீச்சர். மாத்துறதில்ல. அவளும் இன்னைக்கு நிறைய பேசுனா."

அவர் சொன்னது நியாயம். மேசையிலிருந்து அவள் எனக்குக் கையாட்டினாள். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, "அப்பா, எனக்கு இன்னொரு வடை வேண்டும்" என்றாள். தெளிவாக, முழு வாக்கியமாக, எழுத்துத் தமிழில். பக்கத்து மேசைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பிள்ளையைத்தான் நாங்கள் அனுப்பி வைத்தோம்.

இந்த ஊரில் தமிழ்க் கூட்டம் எது நடந்தாலும், இளையவர்கள் தமிழை விட்டுப் போகிறார்கள் என்று ஒருவர் மேடையில் ஏறிக் கண் கலங்குவார். இனிமேல் அதைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியாது. அவர்கள் விட்டுப் போகவில்லை. வாசலில் வந்து நின்று, தெரிந்த மூன்று சொல்லைச் சரியாக அடுக்கிச் சொல்கிறார்கள். நாம்தான் 'இது போதாது' என்று கதவைச் சாத்துகிறோம்.

அந்த வாரமே ஃபாதரிடம் போய், இப்படித்தான் நடக்கும் என்றால் என் வகுப்புப் பிள்ளைகள் இனி மன்றாட்டுக்கு வரமாட்டார்கள் என்று சொன்னேன். அவர் அங்கிளையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறை. மூன்று பேருக்கும் பால் ஊற்றாத தேநீர், தே ஓ, வந்தது, யாரும் குடிக்கவில்லை.

அங்கிள் எடுத்த எடுப்பிலேயே, அந்தக் குடும்பத்தின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டதாகச் சொன்னார். அது எனக்குத் தெரியாது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், ஒரு காலத்துல தமிழ்ப் பூசைக்கு ஆளே வரல, நிறுத்திடலாமான்னு பேச்சு வந்துச்சு. நாங்க நாலு பேரு வீடு வீடா ஏறி இறங்கினோம். நம்ம ஆளுங்களே சொன்னாங்க, உங்க தமிழ் மார்க்கெட்டுத் தமிழ், அதுல பூசை எதுக்குன்னு. அன்னைக்கு முடிவு பண்ணேன், இந்த மைக்ல ஒரு தப்பான வார்த்தை வரக் கூடாதுன்னு. தலை நிமிந்து நிக்கணும்."

அது பொய்யில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் என் கோபம் இறங்கவில்லை.

"ஆறு வயசுப் பிள்ளை என்ன சொல்றோம்னே தெரியாம நிக்கணும், அதை வச்சு நாம தலை நிமிரணுமா அங்கிள்? அவ சொன்னதுல ஒரு தப்பு காட்டுங்க. ஒண்ணே ஒண்ணு."

அவர் தேநீரைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "ஜாம்" என்றார் கடைசியில், மெதுவாக.

ஃபாதர் சிரித்துவிட்டார். சிரித்தபடியே ஒரு முடிவும் சொன்னார். மாதத்தில் ஒரு ஞாயிறு பிள்ளைகள் மன்றாட்டு. பிள்ளை சொன்னதே இருக்க வேண்டும். அங்கிள் அதைப் பார்க்கலாம், ஆனால் மாற்ற வேண்டுமென்றால் டீச்சரும் ஒப்புக்கொள்ள வேண்டும். தாளில் தமிழ் எழுத்துதான். படிக்க வராத பிள்ளை மனத்திலிருந்து சொல்லட்டும், அது அதனுடைய வாக்கியம்தானே.

இதை வெற்றி என்று என்னால் சொல்ல முடியவில்லை. யாருக்காகச் சண்டை போட்டேனோ அவள் ஆங்கில வகுப்பில் இருக்கிறாள். அவளுடைய வாக்கியம் அந்தக் கோயிலில் ஒரு நாளும் சொல்லப்படவில்லை. இனியும் சொல்லப்படாது.

அங்கிளும் எளிதில் விடுகிறவர் இல்லை. ஒவ்வொரு மாதமும் சண்டைதான். 'அருள்கூர்ந்து' என்று எங்கேயாவது ஒன்றைச் செருகிவிடுவார், நான் அடித்துவிடுவேன். 'வேணும்' என்று பிள்ளை சொன்னதை 'வேண்டும்' என்று மாற்றுவார், அதை மட்டும் விட்டுக்கொடுப்பேன். போன மாதம் வகுப்புக்குப் புதிதாக வந்த ஒரு பையன், "என் நாய் சாப்பிட வேண்டும்" என்று ஒரு வாக்கியம் கட்டினான். அவர்கள் வீட்டு நாய்க்கு உடம்பு சரியில்லை. அங்கிளிடமிருந்து அது "நோயுற்ற உயிரினங்கள் யாவும் நலம்பெற" என்று திரும்பி வந்தது. நான் போன் செய்தேன்.

"அங்கிள், நாய்."

"கோயில்ல போய் நாயா டீச்சர்?"

"உயிரினங்கள் எல்லாம் நல்லா சாப்பிட்டுக்கிட்டுதான் இருக்கு அங்கிள். நாய்தான் சாப்பிடல."

"என்ன நாய்?" என்று கேட்டார்.

"தெரியல. சின்ன நாய், வெள்ளையா இருக்குமாம்."

"சரி, நாய்னே போடுங்க" என்றார். "ஆனா 'ஆண்டவரே'ன்னு முன்னால ஒண்ணு போடணும். அதுல நான் விட மாட்டேன்."

போட்டேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் மைக் முன்னால் நின்று, "ஆண்டவரே, என் நாய் சாப்பிட வேண்டும்" என்றான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு சபை முழுவதும் சேர்ந்து பதில் சொன்னது. அங்கிளும் சொன்னாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அடுத்த மாதச் சண்டை அங்கேயே தொடங்கிவிடும்.